ஊருக்கெல்லாம் ஈஸ்ட் கொடுத்தவர், மகனுக்கு ஆலையைக் கொடுக்கல! யார் இந்த கார்ல்ஸ்பெர்க் ஜேக்கப்சன்?

கோபன்ஹேகனில் இன்னைக்கு கிராஃப்ட் பீர் பப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்தச் சின்ன ஆலைகள் எல்லாம் தங்களுக்கு வேண்டிய ரக ஈஸ்ட்டைச் சுத்தமாக வாங்க முடியுது. அந்த வசதிக்குப் பின்னால் 19-ம் நூற்றாண்டு முதலாளி ஒருத்தர் இருக்கார். பெயர் ஜே.சி. ஜேக்கப்சன். கார்ல்ஸ்பெர்க் ஆலையைத் தொடங்கியவர்.

1811-ல் கோபன்ஹேகனில் பிறந்தார். அப்பாவும் பீர் காய்ச்சுறவர்தான். 1835-ல் அப்பா இறந்ததும் தொழில் இவர் கைக்கு வந்தது. அப்போ டென்மார்க் பீர் சீக்கிரம் கெட்டுப்போகும், ஒரு முறை மாதிரி அடுத்த முறை இருக்காது. ஜெர்மனியின் மியூனிக்கில் குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் புளிக்கவைக்கும் லாகர் பீர், இவரை இழுத்தது.

1845-ல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் இருந்து இரண்டு ஜாடி ஈஸ்ட் வாங்கிக்கிட்டு குதிரை வண்டியில் கிளம்பினார். சூடு பட்டால் ஈஸ்ட் செத்துடும். அதனால வண்டி நின்ற இடமெல்லாம் இறங்கி ஜாடிகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார் என்கிறார்கள். 1847-ல் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் புது ஆலை. மகன் பெயர் கார்ல், மேட்டுக்கு அவங்க மொழியில் பெர்க். ரெண்டும் சேர்ந்ததுதான் கார்ல்ஸ்பெர்க்!

ஆய்வகம் எதுக்கு?

தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதான் இதுவும். முந்தைய பீரில் எடுத்த ஈஸ்ட்டைத்தான் அடுத்ததுக்குப் போடணும். உறை மோர் கெட்டா தயிர் என்ன ஆகும்? அதே கதைதான்.

பாஸ்டரின் ஆராய்ச்சிகளில் ஈர்க்கப்பட்ட ஜேக்கப்சன் 1875-ல் ஆலையிலேயே ஆய்வகம் தொடங்கினார். 1883-ல் ஆலையின் பீரே கெட்டது. காட்டு ஈஸ்ட் கலந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் அங்கே வேலை பார்த்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன். ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதில் இருந்து சுத்தமான ஈஸ்ட் வளர்த்துக் காட்டினார்.

வேற முதலாளியா இருந்தா இதைப் பூட்டி வைத்திருப்பார். ஜேக்கப்சன் வைக்கல. ஆய்வகத்தின் முடிவுகளை ரகசியமா வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. போட்டி ஆலைகளுக்கும் ஈஸ்ட் போனது. அதே ஆண்டில், அதே ஆய்வகத்தில் கெல்டால் உருவாக்கிய முறையில்தான் உணவில் உள்ள புரதத்தை இன்னைக்கும் அளக்கிறாங்க. அமிலத்தை அளக்கும் பி.ஹெச் அளவுகோலும் 1909-ல் இங்கே பிறந்ததுதான்.

மகனோடு மல்லுக்கட்டு

ஊருக்கே தாராளம் காட்டியவர், வீட்டில் கறார். பக்கத்திலேயே இன்னொரு ஆலையை நடத்திய கார்ல், பீரை ஊறவைக்கும் காலத்தைக் குறைத்து அதிகமா விற்றார். அப்பாவுக்குத் தரம்தான் முக்கியம். சண்டை முற்றியது. பழைய கார்ல்ஸ்பெர்க், புதிய கார்ல்ஸ்பெர்க் என்று பெயரிலும் மோதல். இரண்டு ஆலைக்கும் நடுவே போன தெருவுக்கு அப்பா ஒரு பெயர்ப் பலகை, மகன் வேறொரு பெயர்ப் பலகை வைத்த கூத்தும் நடந்தது. யார் பெயரில் ஆலை தொடங்கினாரோ, அந்த மகனோடவே பெயருக்குச் சண்டை!

கடைசியில் பழைய ஆலையை மகனுக்கு எழுதி வைக்கல. அறிவியலுக்காக 1876-ல் அவரே தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளைக்கு எழுதினார். கோபத்தில் எடுத்த முடிவு மட்டும்னு சொல்லிட முடியாது, ஆனா கோபமே இல்லைன்னும் சொல்ல முடியாது.

இருவரும் சமாதானம் ஆன பிறகு, 1887-ல் ரோம் நகரில் ஜேக்கப்சன் இறந்தார். பின்னாளில் கார்லும் தன் ஆலையை அதே அறக்கட்டளைக்கே கொடுத்தார். கோபன்ஹேகன் கடற்கரையில் இருக்கும் குட்டி கடற்கன்னி சிலையும் கார்ல் கொடுத்ததுதான்.

ஜேக்கப்சன் வாழ்ந்த வீட்டையும், அவர் விருப்பப்படி, சிறந்த அறிஞர் ஒருவர் குடியிருக்கக் கொடுத்தாங்க. 1932-ல் அங்கே குடிவந்தவர், அணுவின் அமைப்பை விளக்கி நோபல் பரிசு வாங்கிய நீல்ஸ் போர்.