மெட்ரிக்கில் இரண்டு முறை ஃபெயில்: எல்லாப்ரகட சுப்பாராவ்

உத்திரமேரூர், மானாம்பதி பக்கத்திலிருந்து காலேஜ் பஸ் ஏறி வர்றவங்க, வீட்டில் அண்ணன், அக்கா வயசுக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. சுகாதாரத் துறை ஆட்கள் வீடு வீடாக வந்து, வயசைக் கேட்டு, அதற்கேற்ப மாத்திரையை எண்ணிக் கையில் வைத்து, கண் முன்னாடியே விழுங்கச் சொன்ன கதையைச் சொல்வாங்க. யானைக்கால் மாத்திரை. பாதிப் பேர் கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சுக்கிட்டு, அவங்க தெருமுனை திரும்பினதும் துப்பின கதையும் கூடவே வரும்.

அந்த மாத்திரையின் பெயர் டைஎத்தில்கார்பமசின், சுருக்கமா டிஇசி. அதைக் கொண்டுவந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர், நம்ம மெட்ராஸில் படித்து, மெட்ராஸில் வேலை கிடைக்காமல் கப்பல் ஏறிய ஒருவர். எல்லாப்ரகட சுப்பாராவ். பெயரைக் கேள்விப்படலைன்னா பரவாயில்லை. அவர் கை பட்ட எதையாவது நீங்க ஏற்கெனவே சாப்பிட்டிருப்பீங்க. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்து இருப்பது ஃபோலிக் அமிலம். அதுவும் அவர் ஆய்வுக்கூடத்துச் சரக்குதான்.

1895 ஜனவரி 12, பீமாவரம். இன்று ஆந்திரா, அன்று மெட்ராஸ் மாகாணம். ஏழு பிள்ளைகளில் நாலாவது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வேலையில் நீடிக்க முடியலை, வீட்டில் பணம் இல்லை. பையனுக்குப் பதிமூன்று வயசு இருக்கும்போது காசிக்கு ஓடிப்போய், யாத்திரை வர்றவங்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம்னு கிளம்பிட்டார். அம்மா வெங்கம்மா விடவில்லை. பாதி வழியிலேயே பிடித்து இழுத்து வந்து திரும்பவும் பள்ளியில் உட்கார வைத்தார்.

உட்கார வைத்தால் மட்டும் பாஸ் ஆகிடுமா? மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு கடற்கரையோரம் மாநிலக் கல்லூரி. அரியர் வச்சிருக்கிற நம்ம மக்கள் இந்த இடத்தில் ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். மூன்றாவது முறை அவர் உண்மையாகவே உட்கார்ந்து படித்தார்.

இளமையில் அவர் மனசு சந்நியாசத்தில் இருந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர நினைத்தார், அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் 1915இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. செலவுக்கு நண்பர்களும், பின்னால் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கை கொடுத்தார்கள். 1919இல் சேஷகிரியோடு கல்யாணம். காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம் அது. இவர் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் இவர் கைக்கு வந்தது எம்பிபிஎஸ் அல்ல, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம். அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவப் பணியில் நுழைய முடியவில்லை. ஆச்சண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கப் போனார்.

இதற்கு நடுவில் வீட்டில் இடி. 1921இல் அண்ணன் புருஷோத்தம், தம்பி கிருஷ்ணமூர்த்தி இரண்டு பேரும் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். ட்ராப்பிக்கல் ஸ்ப்ரூ என்கிற நோய். சிறுகுடல் சத்தை உறிஞ்சும் வேலையை நிறுத்திவிடும். சாப்பிட்டது எல்லாம் பேதியாகப் போகும், இரத்தம் வற்றும், ஆள் கரைந்து போவார். டாக்டர் படிப்பு முடித்த ஒருவர் வீட்டிலேயே இப்படி. கொடுக்க மருந்து என்று ஒன்று இல்லாத காலம்.

1922இல் காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளைப் பணம், மாமனார் கொடுத்த பணம், இரண்டையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்கா கிளம்பினார். அக்டோபர் கடைசியில் பாஸ்டன். மனைவி அப்போது கர்ப்பிணி. பிறந்த பையன் ஒரு வயசு ஆகும் முன்பே தொற்று நோயில் இறந்தான். சுப்பாராவ் அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை. திரும்பி இந்தியாவுக்கும் வரவில்லை.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே, ராத்திரியில் மருத்துவமனையில் எடுபிடி வேலை, நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவது வரைக்கும். பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் சேர்ந்தார். 1925இல் இரண்டு பேரும் வெளியிட்ட ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வழி. மாலிப்டேட்டோடு வினை நடத்தினால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு. அவ்வளவுதான் விஷயம். சென்சார் சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்னு நம்ம இன்ஸ்ட்ரூமென்டேஷன் சார் சொல்ற மாதிரி, அடுத்த கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்த அளவுகோலின் மேல் நின்றவை.

1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதை அறிவித்தார்கள். ஜிம் போறவங்க கிரியேட்டின் பவுடர் டப்பா வாங்குறீங்களே, அது தசையில் போய்க் கூட்டுகிற சரக்கு இதுதான். 1929இல் ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். தசை சுருங்குவதற்கான ஆற்றலை லாக்டிக் அமிலத்தோடு இணைத்துப் பேசியவர்களுக்கு 1922இல் நோபல் பரிசு கொடுத்திருந்த நேரம். இந்தக் கண்டுபிடிப்புகள் வந்ததும் அந்தக் கதையே மாற வேண்டியதாயிற்று. ஏடிபி சார்ஜ் ஏறிய பேட்டரி என்றால் பாஸ்போகிரியேட்டின் பவர் பேங்க்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1930இல் முனைவர் பட்டம், அதற்கப்புறம் பத்து வருஷம் அங்கேயே இழுபறி. சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளியே வராமல் போய், பல ஆண்டு கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று, அதே ஆய்வுக்கூடத்தில் இருந்து பின்னாளில் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரு பக்கத்துச் சாட்சிதான், ஆனால் சாதாரண ஆள் சொன்ன சாட்சி இல்லை.

1940இல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் இவர் தனி ஆளாக எல்லாவற்றையும் கண்டுபிடித்த மாதிரி வரும். அப்படி இல்லை. வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், விலங்குகளில் சோதிப்பவர் என்று பெரிய அணிகளை வைத்து, யார் எதைத் தேட வேண்டும் என்று தீர்மானித்தவர். நம்ம பாஷையில் ப்ராஜெக்ட் லீட். எனக்கு அதுதான் தனி ஆள் கதையைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

முதலில் ஃபோலிக் அமிலம். பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதை 1931இல் எழுதியிருந்தார். அந்தச் சாறில் இருக்கும் பொருள் என்ன என்று யாருக்கும் தெரியாது. சுப்பாராவ் தேடப் புறப்பட்டது வேறொரு இரத்தசோகைக்கான கல்லீரல் சத்தை. அது பின்னால் வைட்டமின் பி12 என்று தெரிந்தது, அதை வேறு நிறுவனங்கள் பிரித்தெடுத்தன. ஆனால் தேடிய வழியில் ஃபோலிக் அமிலம் சிக்கியது. 1945இல் அவருடைய அணி அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தம் ஊறியது, பசி வந்தது. அண்ணன் தம்பி இறந்து 24 வருஷம் ஆகியிருந்தது.

ஃபோலிக் அமிலம் செல் பெருகத் தேவை. அப்படின்னா, அதைப் போலவே உருவம் கொண்ட ஒரு போலியைக் கொடுத்தால் செல் ஏமாந்து பெருக்கத்தை நிறுத்துமா? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காகக் கேட்டது இதைத்தான். லெடர்லே செய்து கொடுத்தது அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகள், அதில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. குணமாகவில்லை, பின்வாங்கியது, அவ்வளவுதான். ஆனாலும் அதுவரை அந்த நோயை மருந்து எதுவும் அசைத்ததே இல்லை. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் அது இருக்கிறது. முடக்குவாதம், சொரியாசிஸ் இரண்டுக்கும் அதுவே. முடக்குவாதம் உள்ள பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் மருந்துச் சீட்டைப் பாருங்க. வாரத்துக்கு ஒரே நாள் மெத்தோட்ரெக்சேட், வேறு நாளில் ஃபோலிக் அமிலம். விஷமும் முறிவும் ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து. ஒரு விஷயம்: வாரம் ஒரு முறை என்பதைத் தினமும் என்று தப்பாகப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பாட்டியின் சீட்டை நீங்க ஒரு தடவை படிச்சுக் காட்டுறது நல்லது.

இப்போது நம்ம ஊர் மாத்திரை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் புழு தொற்றியது. மருந்து தேட லெடர்லே இறங்கியது. ஒருவகை எலிகளுக்கு அதற்கு உறவான புழு தொற்றும். அந்த எலிகளில் வரிசையாக வேதிப்பொருட்களைச் சோதித்து, 1947இல் ஹெட்ராசான் என்ற பெயரில் டிஇசி வந்தது. அதற்கு முன் ஆர்சனிக், ஆன்டிமனி என்று நோயாளியையே சேர்த்துத் தாக்கும் மருந்துகள்தான்.

கொசு சாக்கடைத் தண்ணீரில் முட்டையிடும் க்யூலெக்ஸ். அது ராத்திரி கடிக்கும், குட்டிப் புழுக்களும் ராத்திரியில்தான் தோலோர இரத்தத்துக்கு வரும். அதனால்தான் சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரியில் விரல் குத்த வருவாங்க, வேலை நேரம் தெரியாமல் இல்லை. டிஇசி குட்டிப் புழுக்களைத் தீர்த்துக்கட்டும். தாய்ப் புழுவோ நிணநீர்க் குழாயில் வருஷக்கணக்கில் வாழும், அதனால் ஊர் முழுக்க வருஷா வருஷம் கொடுக்கணும். மாத்திரை போட்ட அன்று சிலருக்குக் காய்ச்சல், தலைசுற்றல் வரும். பெரும்பாலும் அது உள்ளே இருந்த புழு சாவதன் அறிகுறி. அதைப் பார்த்துப் பயந்துதான் துப்பினவங்க நிறைய. வீங்கிப்போன காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, காயம் படாமல் காப்பதுதான் அதற்கு வழி. நோய் வராமல் தடுக்கத்தான் மாத்திரை. தமிழ்நாட்டில் 1996 வாக்கில் கடலூர் பக்கம் ஊருக்கே கொடுக்கும் முறை தொடங்கியது. 2004இல் நாடு தழுவிய திட்டமானது, காஞ்சிபுரம் மாவட்டமும் அதில் இருந்தது.

கடைசியாக ஆரியோமைசின். ஓய்வு பெற்று, எழுபது தாண்டிய பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளரை வேலைக்கு எடுத்து, ஊர் ஊராக மண் வரவழைத்து நுண்ணுயிர் தேட வைத்தார்கள். மிசௌரி பல்கலைக்கழக வயல் மண்ணில் கிடைத்த தங்க நிறப் பூஞ்சணம் போன்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது முதல் டெட்ராசைக்ளின். 1948 ஜூலையில் அறிவிப்பு. ஸ்ப்ரூவுக்கு இன்றைய மருத்துவம் என்ன தெரியுமா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்.

அறிவிப்பு வந்து சில வாரத்தில், 1948 ஆகஸ்ட் 8 ராத்திரி, தூக்கத்திலேயே மாரடைப்பு. வயசு 53. அமெரிக்கக் குடியுரிமை அவர் பெறவே இல்லை. காக்கிநாடா பக்கம் சேஷகிரி காத்திருந்தபடியே இருந்தார். அறிவியல் கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரி கிடையாது, சுப்பாராவைப் பற்றி எழுதும்போது நாமும் அவரை ஓர் ஓரத்தில்தான் வைக்கிறோம். இந்திய அரசு 1995இல் சுப்பாராவுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர்.

மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. மாரடைப்பு மறுபடி வராமல் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் தடுக்குமா என்று 4,700க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள், 2019இல் அச்சான முடிவு: தடுக்கவில்லை. கைவிரல் மூட்டுத் தேய்மானத்தோடு வீக்கமும் உள்ளவர்களுக்கு அது வலியை ஓரளவு குறைத்ததாக 2023இல் ஆஸ்திரேலியாவில் 97 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு சொன்னது. அதே 2023இல் வேலூர் சிஎம்சி முன்னின்று, ஏழு இந்திய மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 800 நோயாளிகளிடம், கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டெட்ராசைக்ளின் குடும்பத்து டாக்ஸிசைக்ளினை அசித்ரோமைசினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சிக்கல் நீடித்தவர்கள், காய்ச்சல் இறங்காதவர்கள், இறந்தவர்கள் எல்லாம் சேர்ந்து 33 சதவீதம். ஒரே மருந்து கொடுத்தவர்களில் 47 சதவீதம். இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. புதர், வரப்பு ஓரத்து உண்ணிகள் கடித்து வரும் காய்ச்சல் இது. கடித்த இடத்தில் சிகரெட் சூடு மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், மழைக்காலத்தில் காய்ச்சலோடு அதைப் பார்த்தால் டாக்டரிடம் காட்டிடுங்க.

டிஇசிக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. ஐவர்மெக்டின், ஆல்பெண்டசோல் இரண்டோடும் சேர்த்து ஒரே ஒரு முறை கொடுத்தால் குட்டிப் புழுக்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் மூன்று வருஷம் தலைகாட்டவில்லை என்று பப்புவா நியூ கினியில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. இந்தியாவிலும் நோய் மிஞ்சியிருக்கும் சில மாவட்டங்களில் இப்போது அந்த மூன்று மாத்திரைகளையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள், அதே மாதிரி வீடு வீடாகப் போய், கண் முன்னாடியே விழுங்கச் சொல்லி.