சொன்னபடி வாழ்ந்த நாவலர் பெருமான்

ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். பேசியபடி நடப்போர் சிலரே. அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் ஆவார்.

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக அவதரித்தார். இளம் வயதிலேயே தந்தையாரை இழந்தார். தமிழைச் சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடமும், ஆங்கிலத்தை யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் கற்றார். பின்னர் அப்பாடசாலையிலேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது உடனிருந்து உதவினார். பிற சமய நூலாயிற்றே என்று அப்பணியில் அவர் குறை வைக்கவில்லை. ஏற்ற கடமையைச் செவ்வனே செய்து கொடுத்தார்.

1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வாக்கு ஒருபுறமும் வாழ்வு ஒருபுறமுமாக இருத்தல் தகாதல்லவா? 1848இல் சம்பளம் தந்த ஆசிரியப் பதவியைத் துறந்தார். இல்லறத்தையும் நாடாது, தம் வாழ்நாள் முழுவதையும் சைவத்துக்கும் தமிழுக்கும் ஒப்படைத்தார்.

அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளிடம் பணம் பெறாது, வீடுதோறும் பிடியரிசி சேர்த்து அதனை நடாத்தினார் என்பர். நாள்தோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் தாய்க்கு, ஈகை நாளடைவில் இயல்பாகவே அமைந்துவிடும். பார்த்திருக்கும் பிள்ளைக்கும் அது படியும். நற்குணங்கள் யாவும் இவ்வாறு பழகிப் பழகியே வளர்கின்றன.

1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. பட்டம் வந்தபின்பும் அவர் முகமன் பேசப் பழகவில்லை. பிற சமயத்தவரின் கண்டனங்களுக்கு மறுப்பு எழுதிய அதே எழுதுகோலால், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்துக்கு மாறாகத் தாம் கண்டவற்றையும் கண்டித்தார். சொந்த ஊரிலே பகை வருமென்று அஞ்சவில்லை.

1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, பொருள் திரட்டி ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். கஞ்சித்தொட்டித் தருமம் என அது இன்றும் பேசப்படுகின்றது. 1879 டிசம்பர் 5ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

சாதியாசாரம் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துக்களை இன்று நாம் கைக்கொள்ள வேண்டியதில்லை. அவரது வாய்மையும், அஞ்சாமையும், தன்னலமின்மையும் எக்காலத்துக்கும் உரியவை.

அடியார்களே, கார்த்திகை மகத்தில் நாவலர் குருபூசை செய்கின்றோம். படத்துக்கு மாலை சூட்டுவதோடு நின்றுவிடாது, அன்று தொடங்கி ஒரு நற்பழக்கத்தையேனும் நம் இல்லங்களில் கைக்கொள்வோமாக. அதற்கு எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.