பசிக்கு வழி கண்டவரும் கோபி வாக்காளர்களும்



வங்கியில் காசாளர் கூண்டில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு கல்லூரி மாணவர் 5 ரூபாய் நாணயம் ஒன்றை நீட்டி, இதில் இருப்பவர் யார் என்று கேட்டார். 2010இல் நூற்றாண்டுக்காக வெளியிட்ட நாணயம் அது. சி.சுப்பிரமணியம், நம் பொள்ளாச்சிக்காரர் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வரிசை நீளமாக இருந்ததால் நானும் மேலே சொல்லவில்லை. அன்று சொல்லாததை இந்த இதழில் உங்களுக்குச் சொல்கிறேன்.

சி.எஸ். என்று எல்லோரும் அழைத்த அவர் 1910 ஜனவரி 30 அன்று பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். திருப்பராய்த்துறை சுவாமி சித்பவானந்தர் இவருக்குச் சித்தப்பா முறை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுப் பிறகு சட்டம் படித்தார். கோவையில் வக்கீல் தொழில் செய்தார். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைக்குப் போனார். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

1952 முதல் 1962 வரை சென்னை மாகாண அமைச்சர். நிதி, கல்வி, சட்டம் எல்லாம் அவர் பார்த்த துறைகள். 1954இல் ராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசரை எதிர்த்து நின்றார். காமராசருக்கு 93 வாக்குகள், இவருக்கு 41. ஆனால் வென்றவர் தோற்றவரைத் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது கல்வி அமைச்சர் இவர்தான். நம் சங்கத் தேர்தலில் தோற்றவர்கள் மறுநாள் முதல் கூட்டத்துக்கே வராமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த நிகழ்ச்சிதான் ஞாபகத்துக்கு வரும்.

1962இல் பொள்ளாச்சி தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். முதலில் எஃகுத் துறை. 1964இல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானதும் உணவு, விவசாயத் துறையை இவரிடம் கொடுத்தார். அப்போது யாரும் விரும்பிக் கேட்காத துறை அது. அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் வடக்கே அடுப்பு எரியும் என்ற நிலை. 1965-லும் 66-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1964-65இல் ஏறக்குறைய 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு 7.2 கோடி டன்னாகச் சரிந்தது.

சி.எஸ். செய்தவை மூன்று. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையைப் பரிந்துரைக்க 1965இல் விவசாய விலைக் குழு அமைந்தது. அந்த விலையில் வாங்கிச் சேமிக்க அதே ஆண்டு ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான். மூன்றாவது, விதை. எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் சொன்ன குட்டை ரகக் கோதுமையை நம்பி, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை இறக்குமதி செய்தார். அந்நியச் செலாவணி இல்லை என்று நிதித் துறை தடுத்தது. அந்நிய விதையும் ரசாயன உரமும் நாட்டைக் கெடுக்கும் என்று இடதுசாரிகள் எதிர்த்தனர். இவர் டெல்லியில் தன் அரசு வீட்டுப் புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார்.

இனி தேர்தல் கதைக்கு வருகிறேன். 1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல். சி.எஸ். கோபிசெட்டிபாளையம் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். 1957, 1962 இரண்டு தேர்தல்களிலும் காங்கிரஸ் வென்ற தொகுதி அது. வேட்பாளரோ மத்திய அமைச்சர், கொங்குநாட்டு மனிதர். இதைவிடப் பாதுகாப்பான இடம் வேண்டுமா? ஆனால் தி.மு.க.வின் பி.ஏ.சாமிநாதன் வென்றார், சி.எஸ். தோற்றார்.

அப்போது எனக்கு ஏழு வயது. நாங்கள் கோபியில் இருந்தோம். அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நிலம் கிடையாது, அரிசி விலை கொடுத்து வாங்கும் குடும்பம். சி.எஸ். மேல் அப்பாவுக்கு மிகுந்த மரியாதை. ஆனாலும் அவருக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். காரணம், கடையில் அரிசி மூட்டை குறைந்துகொண்டே வந்ததையும், வாங்க வருகிறவர்கள் கால்படி, அரைப்படி என்று இறங்கி வந்ததையும் தினமும் பேரேட்டில் எழுதியவர் அவர். எதிர்க்கட்சி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசியது. உணவுத் துறைக்கு அமைச்சராக இருந்தவரே வாக்குக் கேட்டு வந்தால் வேறென்ன நடக்கும்?

மொழிப் போராட்டமும் சேர்ந்துகொண்டது. 1965 பிப்ரவரியில் சி.எஸ்.ஸின் சொந்தப் பொள்ளாச்சியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அவரும் ஓ.வி.அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தார்கள். பிறகு சமாதானமாகிப் பதவியில் தொடர்ந்தார்கள். மக்களுக்கு ராஜினாமா மறந்துபோனது, துப்பாக்கிச் சூடு மறக்கவில்லை. அந்தத் தேர்தலில் தி.மு.க. தமிழ்நாட்டில் நின்ற 25 நாடாளுமன்றத் தொகுதிகளையும் வென்றது. காமராசரே விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார்.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். 1966-67இல் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68இல் 1.65 கோடி டன்னைத் தாண்டியது. மூட்டைகளை வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள். அரசு 1968இல் கோதுமைப் புரட்சி என்று தபால்தலை வெளியிட்டது. அந்த விதையைக் கொண்டுவந்தவர் அப்போது எம்.பி.கூட இல்லை. எங்கள் ஊருக்கும் ஐ.ஆர்.8 நெல் வந்தது. சோறு பெருசுபெருசாக இருக்கிறது என்று அம்மா குறை சொல்லிக்கொண்டே பொங்கிப் போட்டார். வயிறு நிறைந்தது.

சி.எஸ். சோர்ந்துவிடவில்லை. 1971இல் மத்திய அமைச்சரவைக்குத் திரும்பினார். 1974 முதல் 77 வரை நிதியமைச்சர். கிராம வங்கிகள் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது அவர் காலத்தில்தான். ஆனால் அது நெருக்கடி நிலைக் காலமும்கூட. அந்த அமைச்சரவையில் அவர் இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1977 தேர்தலில் பழனி தொகுதி அவரை வெற்றி பெறச் செய்தது. அதே தேர்தலில் அவருடைய விதையால் களஞ்சியம் நிறைந்த பஞ்சாபிலும் ஹரியானாவிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். கோதுமை விளையாத பழனி அவரைத் தேர்ந்தெடுத்தது. கோதுமை விளைந்த ஊர்கள் அவர் கட்சியைத் துரத்தின.

பின்னர் சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சராகவும், 1990 முதல் 93 வரை மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்தார். 1998இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார். பசுமைப் புரட்சியால் நிலத்தடி நீர் வற்றியது, மண் கெட்டது என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாடு தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டதும் உண்மை.

கோபி மக்கள் நன்றி கெட்டவர்களா என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. இப்போது இல்லை. வாக்கு என்பது பழைய கடனுக்குக் கட்டும் தவணை அல்ல. வரப்போகிற நன்மைக்குக் கொடுக்கும் முன்பணமும் அல்ல. அன்றைக்கு வீட்டில் என்ன நிலைமை என்று மக்கள் எழுதும் வரவு செலவு. சி.எஸ். அதைப் படித்துப் புரிந்துகொண்டார். வேலையைத் தொடர்ந்தார். அப்பாவும் போட்ட ஓட்டுக்காக வருத்தப்படவில்லை, சி.எஸ். மேல் இருந்த மரியாதையையும் குறைத்துக்கொள்ளவில்லை.

வருத்தப்பட வேண்டியவன் நான்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் தாராபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 1,393 வாக்குகள். அதில் என் ஓட்டு எந்தப் பக்கமும் இல்லை. ஓய்வு பெற்று இங்கே குடிவந்தும் பெயரை மாற்றாமல் பழைய ஊர்ப் பட்டியலிலேயே விட்டிருந்தேன். அன்று அங்கே போகவும் இல்லை. எந்தக் கட்சிக்கும் எதிராகக்கூட எழுதாமல் என் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

நம் குடியிருப்பில் திருப்பூர், கோவை, ஈரோடு என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறோம். பழைய கோபி நாடாளுமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் மறைந்துவிட்டது. கோபி இப்போது திருப்பூர் நாடாளுமன்றத் தொகுதியிலும், நம் தாராபுரம் ஈரோடு தொகுதியிலும் இருக்கின்றன. உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள். முகவரி மாறியிருந்தால் படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. 18 வயது முடிந்த பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். படிவம் நிரப்புவது சிரமமாக இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன். 35 வருடம் அந்த வேலைதானே செய்தேன்.