ஆனந்த குமாரசுவாமி: உருவப்படமும் உறைவிடமும்

ஆடல்வல்லானின் திருவுருவத்திற்கு உலக அறிஞர் ஏற்றுக்கொண்ட விளக்கத்தைத் தந்தவராகவே ஆனந்த குமாரசுவாமி தமிழுலகில் அறியப்படுகிறார். அவரைப் பற்றிய நூல்களிலும் நினைவு மலர்களிலும் அவரது ஒளிப்படம் தவறாது இடம்பெறுகிறது. ஆயின் மாந்தரின் உருவத்தைப் படமாக்குவதை அவர் உயர்வாகக் கருதியவர் அல்லர். தெய்வ வடிவம் அழகு குறைந்திருப்பினும் நன்மை பயப்பது, மானிட உருவம் எத்துணை அழகுடையதாயினும் அத்தகையதன்று என்னும் சுக்கிரநீதியின் கருத்தை அவர் பலகால் எடுத்தாண்டார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுத முன்வந்தோரையும் அதே கொள்கை பற்றி அவர் ஊக்குவிக்கவில்லை. இத்தகைய ஒருவரின் வாழ்வு, ஒளிப்படக் கருவியோடு இளமை முதல் பின்னிக் கிடந்தது என்பது நோக்குதற்குரியது. அக்கருவியைத் தொடக்கத்தில் கையாண்டவர் யார் என்னும் வினா தமிழ்க் கட்டுரைகளில் பெரிதும் எழுப்பப்படவில்லை.

குமாரசுவாமி 1877 ஆகஸ்டு 22 அன்று கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தை சர் முத்துக் குமாரசுவாமி இலங்கைச் சட்ட நிரூபண சபையில் அமர்ந்த தமிழர். இலண்டனில் வழக்கறிஞர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863இல் வெளியிட்டும், பாலி மொழியிலுள்ள தாதவம்சத்தை 1874இல் ஆங்கிலத்தில் பெயர்த்தும் விக்டோரியா காலத்து இலண்டன் இலக்கிய வட்டாரத்தில் அவர் இடம்பெற்றார். தாயார் எலிசபெத் கிளே பீபி கெண்ட் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி. இரு நாகரிகங்கள் ஒரே இல்லத்தில் கூடிய அவ்வாழ்வு நீடிக்கவில்லை. தாயும் மகனும் இங்கிலாந்தில் இருந்தபோது, 1879இல், முத்துக் குமாரசுவாமி கொழும்பில் மறைந்தார். தந்தையின் முகத்தை நினைவில் கொள்ள இயலாத அகவையில் மகன் அவரை இழந்தான். குளோஸ்டர்ஷயரில் வைக்கிளிப் கல்லூரியிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, நிலவியலும் தாவரவியலும் கற்றுத் தேர்ந்தார்.

1902இல் அவர் எதெல் மேரி பார்ட்ரிட்ஜை மணந்தார். எதெல் 1872இல் டெவன் பகுதியின் பார்ன்ஸ்டபிளில் பிறந்தவர். அவருடைய தம்பி ஃபிரெட் பார்ட்ரிட்ஜ் அணிகலன் வினைஞர். கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி நடத்திய கைவினைஞர் கழகத்தில் பணியாற்றியவர். இயந்திர உற்பத்திக்கு எதிராக வில்லியம் மாரிஸும் ஜான் ரஸ்கினும் எழுப்பிய குரல் இக்குடும்பத்தில் அன்றாடப் பேச்சாக இருந்தது. குமாரசுவாமி கைத்தொழில் குறித்துப் பின்னாளில் கொண்ட கொள்கைகள் அனைத்தும் கீழைச் சாத்திரங்களிலிருந்தே முளைத்தன என்று எழுதுவோர் இவ்வுறவை மறந்துவிடுகின்றனர்.

1903 முதல் 1906 வரை குமாரசுவாமி இலங்கையின் கனிமவியல் அளவீட்டுப் பணிக்கு இயக்குநராக இருந்தார். தோரியனைட்டு என்னும் கனிமத்தைக் கண்டறிந்தது இக்காலத்தில்தான். கல்லும் மண்ணும் தேடிக் கண்டி நாட்டுச் சிற்றூர்களில் கூடாரமிட்டுத் தங்கியபோது, எதெலும் உடன் சென்றார். கணவர் பாறையைக் குறிப்பெடுக்க, மனைவி நெசவையும் பின்னல் வேலையையும் கவனித்தார், கைவினைஞரின் தொழில்முறைகளைக் கேட்டு நாட்குறிப்பில் எழுதினார், ஒளிப்படங்களும் எடுத்தார். அரைநூற்றாண்டுக்கு மேலான ஆங்கில ஆட்சியிலும் மலிவான இறக்குமதிப் பொருள்களிலும் நலிந்து வந்த கண்டிக் கைவினைகளை, அவை முற்றும் மறையும் முன் பதிவு செய்த பணி அது. இலங்கைச் சமூகச் சீர்திருத்தக் கழகம் 1905இல் நிறுவப்பட்டதும், மேனாட்டு நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றுவதை அக்கழகம் கண்டித்ததும் இப்பயணங்களின் விளைவே எனலாம்.

1907இல் இருவரும் இங்கிலாந்துக்குத் திரும்பினர். குளோஸ்டர்ஷயரில் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில் பாழடைந்து கிடந்த நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றை ஆஷ்பி அவர்களுக்கு இல்லமாகப் புதுப்பித்துத் தந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கற்சுவர்களை இடிக்காமல் அவற்றோடு ஒட்டியே புதிய பகுதிகள் எழுந்தன. வழிபாட்டிடமாக இருந்தது நூலகமாகவும் உறைவிடமாகவும் ஆயிற்று. ஆஷ்பியின் கழகம் இலண்டனை விட்டு அண்மையிலுள்ள சிப்பிங் கேம்ப்டனுக்கு முன்னரே குடிபெயர்ந்திருந்தது. ஆகவே அவ்வில்லம் கைவினைஞர்களும் எழுத்தாளர்களும் வந்து போகும் மன்றமாகத் திகழ்ந்தது.

கண்டிக் கலை பற்றிய பெருநூல் அச்சேறியது இங்கேதான். மாரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் சாசரின் நூல்களை அச்சிட்ட கையச்சுப்பொறி ஆஷ்பியின் எசெக்ஸ் இல்ல அச்சகத்தின் வழியாகக் குமாரசுவாமிக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை பதினைந்து மாதங்கள் உழைத்து 425 படிகள் அச்சிடப்பட்டன. ஒவ்வொரு தாளும் கையால் அழுத்தப்பட்டது. இயந்திரத்தை மறுத்த இந்நூல், இயந்திரத்தின் குழந்தையாகிய ஒளிப்படத்தை மறுக்கவில்லை. எதெல் இலங்கையில் எடுத்த ஒளிப்படங்கள் அதன் படப்பக்கங்களுக்கு அடிப்படையாயின. இம்முரண் குமாரசுவாமியைத் தொல்லைப்படுத்தியதாகத் தெரியவில்லை. பொருளைக் காட்டும் கருவி, பொருளைச் செய்யும் கருவி என்னும் வேறுபாடு அவர் உள்ளத்தில் அப்போதே இருந்தது போலும்.

நூலின் முகப்பில் ஆசிரியராகக் குமாரசுவாமியின் பெயரே உள்ளது. அக்காலத்து வழக்கை நோக்க இதில் வியப்பில்லை. ஆனால் இன்றைய ஆய்வாளரும் எதெலை முதல் மனைவி என்னும் ஒரு சொல்லால் கடந்து செல்வது பொருந்தாது. களப்பணியிலும் ஒளிப்படத்திலும் பாதி அவருடையது. 1910ஆம் ஆண்டையொட்டி இருவரும் பிரிந்தனர். எதெல் பின்னர் ஃபிலிப் மேரெட்டை மணந்து, எதெல் மேரெட் என்னும் பெயரில் ஆங்கில நாட்டுக் கைத்தறியின் முன்னோடியானார். தாவரச் சாயங்கள் பற்றிய அவரது நூல் 1916இல் வெளிவந்தது. சசெக்ஸின் டிச்லிங்கில் அவர் எழுப்பிய இல்லத்தில் தறிகள் இயங்கின; பல நாட்டு மாணவர் வந்து பயின்றனர். கண்டிச் சிற்றூரில் தறியருகே அமர்ந்து குறிப்பெடுத்த பெண் தாமே நெசவாளரானார் என்பது, கணவரின் கொள்கையைச் செயலில் நிறுவியவர் மனைவியே என்று கருத இடந்தருகிறது. எதெல் 1952இல் மறைந்தார்.

குமாரசுவாமியின் கவனம் இந்தியாவை நோக்கித் திரும்பியது. 1910-11இல் அலகாபாத்தில் நடந்த கண்காட்சியின் கலைப்பிரிவை அவர் பொறுப்பேற்று நடத்தினார். வடநாட்டுச் சிற்றூர்களிலும் அரண்மனைகளிலும் திரட்டிய ஓவியங்களைக் கொண்டு இராசபுத்திர ஓவியம் பற்றி இரு தொகுதிகளை 1916இல் வெளியிட்டார். இந்தியாவில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமையுமாயின் தம் தொகுப்பை அதற்கு அளிக்க முன்வந்தார். அதற்குரிய நிதி திரளவில்லை. 1917இல் அத்தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அவரும் அங்கே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். இந்தியக் கலை வரலாற்றில் இவ்விழப்பு பெரிது.

இடைப்பட்ட 1912இல், ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையோடு தொடர்புடைய சித்தாந்த தீபிகை என்னும் ஆங்கில இதழில் சிவனது ஆடல் பற்றிய கட்டுரை வெளிவந்தது. பிற கட்டுரைகளோடு சேர்ந்து 1918இல் நியூயார்க்கில் நூலாயிற்று. அதன் விளக்கம் ஐரோப்பியக் கலைத் திறனாய்விலிருந்து பிறந்ததன்று. துடியில் தோற்றம், அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள் என ஐந்தொழிலைத் திருமேனியில் காணும் முறை உண்மை விளக்கத்தினது. அதை இயற்றிய மனவாசகங்கடந்தார் திருவதிகையைச் சேர்ந்தவர், மெய்கண்டாரின் மாணவர். மெய்கண்டார் அருளுரை வழங்கிய திருவெண்ணெய்நல்லூர் இன்றைய உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே பெண்ணையாற்றுப் பகுதியில் உள்ளது. அருணந்தி சிவாச்சாரியாரின் திருத்துறையூரும் இதே நடுநாட்டைச் சேர்ந்தது. பாஸ்டனிலும் பாரிசிலும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையின் முன் நிற்போர் படிக்கும் விளக்கத்தின் வேர் பதின்மூன்றாம் நூற்றாண்டு நடுநாட்டு ஆசிரிய மரபில் உள்ளது. குமாரசுவாமி இக்கடனை மறைக்கவில்லை. நூற்பெயரைச் சுட்டியே எழுதினார். அவருக்குப் பின் வந்தோர் பலர் அவர் பெயரை மட்டும் சுட்டினர்.

பாஸ்டனில் அவர் ஆற்றிய பணிகளுள் ஒன்று தமிழில் அதிகம் பேசப்படாதது. ஒளிப்படத்தைக் கலையாக ஏற்கப் பெரிய அருங்காட்சியகங்கள் தயங்கிய காலத்தில், ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்கள் 1924இல் அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பில் சேர்ந்தன. அவற்றைக் கேட்டுப் பெற முயன்றவர் குமாரசுவாமியே. அவர் தாமும் கருவியேந்திப் படமெடுத்தவர். நடனக் கலைஞர் ஸ்டெல்லா பிளாக் 1922இல் அவருக்கு மனைவியானபின், அவர் எடுத்த படங்களுள் ஸ்டெல்லா பலமுறை இடம்பெற்றார்.

இப்படிப்பட்டவர் உருவப்படத்தை ஏன் தாழ்த்தினார்? மரபுவழி உருவச் சித்திரிப்புப் பற்றிய அவரது கட்டுரையில் இதற்கு விடை உண்டு. முகத்தின் தற்செயலான சாயலைப் பிடிப்பது ஒன்று. அம்மனிதன் எதற்காக இருந்தானோ அந்த உள்வடிவைக் காட்டுவது மற்றொன்று. முதலாவது இறப்பவனை நிறுத்தி வைக்க முயல்கிறது என்பது அவர் துணிபு. தமிழர்க்கு இக்கருத்து அயலானதன்று. செங்கம் பகுதி நடுகற்களில் வீரனின் முகச்சாயலைத் தேடுவது வீண். வில்லோ வாளோ ஏந்திய நிலையும், பெயரும், ஆநிரை மீட்டுப்பட்ட செய்தியுமே கல்லில் உள்ளன. காட்சி முதல் வாழ்த்து வரை தொல்காப்பியம் வகுக்கும் ஆறு நிலைகளிலும் ஒப்புமை பற்றிய பேச்சில்லை. குமாரசுவாமி நடுகல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பின் அவர் வாதம் வலுப்பெற்றிருக்கும்.

எனினும் அவர் கொள்கையை அவர்மீது அப்படியே பொருத்தினால் ஆய்வுக்கு இழப்பு நேரும். முகச்சாயல் வேண்டா என்று ஒதுக்கும்போது, முகம் காட்டாமல் கருவிக்குப் பின்னால் நின்றவரும் சேர்ந்தே மறைகிறார். உள்வடிவு என்பது செயலால் அறியப்படுவதாயின், 1903க்கும் 1908க்கும் இடைப்பட்ட செயலில் இருவர் உண்டு. ஒருவரின் உருவப்படத்தை மட்டும் நூல்களில் மீளமீள அச்சிடுவது அவர் மறுத்த வகை உருவச் சித்திரிப்பையே தொடர்வதாகும்.

1947இல் எழுபது அகவை நிறைந்தபோது குமாரசுவாமி பணியிலிருந்து விலகி இமயமலைச் சாரலுக்குச் சென்று வாழ எண்ணியிருந்தார். அது நிறைவேறவில்லை. செப்டம்பர் 9 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீடமில் இருந்த தம் இல்லத்தில் காலமானார். இறுதி மனைவி டோனா லூயிசா அவர் எழுத்துகளைப் பேணிக் காத்தார். பிராட் கேம்ப்டன் சிற்றாலய இல்லம் இன்றும் நிற்கிறது. கண்டிக் கைவினை நூலின் 425 படிகளுள் எஞ்சியவை நூலகங்களில் உள்ளன. அவற்றின் படப்பக்கங்களில் குமாரசுவாமியைத் தேடினால் கிடைப்பவை கண்டி நாட்டுக் கைவினையும் அதைச் செய்தோர் வாழ்ந்த இடங்களுமே.