சொல் படைத்த பிங்களி

தமிழ் மன்றத்து மலரில் தெலுங்கு எழுத்தாளர் ஒருவருடைய வாழ்க்கைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டி முதல் பேரன் வரை நம் வீடுகளில் பார்த்துச் சிரித்த 'மாயா பஜார்' படத்தைத் தமிழ்ப் படம் என்றே எண்ணி நாம் வளர்ந்தோம். கடோத்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவ் கல்யாணச் சமையல் முழுவதையும் தனியொருவராய் விழுங்கித் தீர்ப்பது நமக்கு மனப்பாடம். நடித்தவர்களை அறிவோம், பாடியவரை அறிவோம். அந்தக் கதையை அந்த வடிவில் நினைத்து எழுதியவர் யார் என்றால் நம்மில் மிகச் சிலரே வாய் திறப்பர். அவர் பெயர் பிங்களி நாகேந்திர ராவ்.

ஆரணிப் பக்கத்திலிருந்து தறி வேலை தேடி விஜயபுரத்துக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. விஜயபுரத்திலும் நகரியிலும் தமிழ் பேசியே காலம் தள்ளிவிடலாம். திருப்பதிக்குப் படிக்க வந்த பிறகுதான் தெலுங்கோடு எனக்கு உண்மையான பழக்கம் ஏற்பட்டது. இங்கே விடுதியில் தெலுங்கு நண்பர்கள் நம்மவர்களை 'அஸமதீயுலு' என்றும், எதிர்க்கட்சிக்காரர்களைத் 'தஸமதீயுலு' என்றும் குறிப்பார்கள். கிரிக்கெட்டானாலும் தேர்தலானாலும் இந்த இரண்டு சொற்கள் வராமல் போகா. முன்னது வடமொழியில் உள்ளதன் சாயல். பின்னதற்கு வடமொழியில் வேரே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று துருவிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்த இடம் 'மாயா பஜார்' தெலுங்குப் படத்தில் வரும் ஓர் அரக்கனின் வாய்! அந்த வாய்க்கு உணவிட்டவர் பிங்களி. அன்று பிடித்த ஆவல்தான் இந்தக் கட்டுரை.

வடஆந்திரத்தில் பொப்பிலிக்கு அருகே உள்ள ராஜாம் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு பிங்களி பிறந்தார். வளர்ந்ததும் படித்ததும் கடற்கரைப் பட்டினமான மசூலிப்பட்டினத்தில். தெலுங்கர் அதைப் பந்தர் என்பார்கள். அங்கே 1910இல் தேசபக்தர்கள் நிறுவிய ஆந்திர ஜாதீய கலாசாலையில் அவர் பயின்றது என்ன தெரியுமா? இலக்கியம் அல்ல, இயந்திரப் பொறியியல்! அறிவியல் மாணவர்களாகிய நாம் இதைக் கேட்டுச் சற்று நிமிர்ந்து உட்காரலாம். படிப்பு முடிந்ததும் வங்காளத்துக் கரக்பூரில் ரயில்வே வேலை. எண்ணெயும் இரும்புமாகச் சில காலம் கழிந்தது. ஆனால் வங்கமண் அவருக்கு இயந்திரத்தைவிட நாடகத்தையே மிகுதியாக ஊட்டியது. துவிஜேந்திரலால் ராயின் நாடகங்களில் மனத்தைப் பறிகொடுத்து அவற்றைத் தெலுங்கில் ஆக்கினார். வேலையை விட்டார், பந்தருக்கே திரும்பினார்.

அங்கே டி. வி. சுப்பாராவ் நடத்திய இந்தியன் டிராமடிக் கம்பெனியில் நாடக ஆசிரியராகச் சேர்ந்தார். ஓராண்டு ஈராண்டு அல்ல, நெடுங்காலம் அங்கேயே இருந்தார். 'ஜேபுன்னிஸா', 'விந்திய ராணி' போன்ற நாடகங்கள் அந்த நாளில் பிறந்தவை. நாடகக் கம்பெனியில் எழுதுகிறவனுக்கு ஓர் அனுகூலம் உண்டு. எழுதிய வசனம் எடுபட்டதா இல்லையா என்பதை அன்றிரவே கொட்டகை சொல்லிவிடும். திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அந்தப் பரீட்சை கிடையாது. பிற்காலத்தில் பிங்களியின் வசனத்தில் ஒரு சொல்கூட வீணாக நில்லாததற்கு இந்தப் பள்ளிக்கூடமே காரணம் என்பது என் துணிபு.

'விந்திய ராணி' 1948இல் திரைப்படமாயிற்று. அவர் திரையுலகில் காலூன்றியது அதன் பிறகுதான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. பலர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது! மறு ஆண்டே டைரக்டர் கே. வி. ரெட்டிக்காக 'குணசுந்தரி கதா' எழுதினார். மூன்று பெண்களில் தந்தையை உள்ளபடி நேசிக்கிறவள் எவள் என்னும் லியர் மன்னன் கதையின் கருவை எடுத்து, நம் ஊர்க் கிழவிகள் சொல்லும் இராஜா கதை போல ஆக்கிக் கொடுத்தார். ஷேக்ஸ்பியரின் சோகம் இங்கே சிரிப்பும் மாயமுமாக மாறிற்று. படம் வெற்றி பெற்றது. அது பின்னர், 1955இல், 'குணசுந்தரி' என்று தமிழிலும் வந்தது.

கே. வி. ரெட்டியும் பிங்களியும் சேர்ந்ததை ஒரு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். ரெட்டி கையில் நிறுத்துகடிகாரத்தோடு காட்சிகளை அளப்பவர். எழுத்து முழுவதும் முடிந்து நேரமும் கணக்கிட்ட பிறகே படப்பிடிப்புக்குப் போகிறவர். பிங்களியோ இயந்திரம் படித்தவர். எந்தப் பல் எந்தச் சக்கரத்தில் மாட்ட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய விஜயா நிறுவனத்தின் இரண்டாவது படம் 'பாதாள பைரவி'. 1951இல் வெளிவந்தது. கதை, வசனம், பாட்டு மூன்றும் பிங்களியுடையவை. காசி மஜிலிக் கதைகளிலிருந்து கொஞ்சம், அலாவுதீன் கதையிலிருந்து கொஞ்சம். ஆனால் தோட்டக்காரன் மகனையும் நேபாளத்து மந்திரவாதியையும் எதிரெதிரே நிறுத்திய விதம் முழுக்க அவருடையது. மறு ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக நடந்த உலகத் திரைப்பட விழாவில் தென்னாட்டுப் படமாக இதுவே இடம்பெற்றது.

இங்கேதான் நம்முடைய பங்கும் வருகிறது. விஜயாவின் படங்கள் பல, தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே உருவாயின. அதே அரங்கம், அதே விளக்கு, அதே காமிரா. தெலுங்கில் ஒரு முறை பேசி நடிப்பார்கள், பிறகு தமிழில். இது வேற்றுமொழிப் படத்துக்குக் குரல் ஏற்றும் வேலை அன்று. தமிழ் வசனத்தையும் பாட்டையும் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். 1914இல் தஞ்சையில் பிறந்து, பள்ளி ஆசிரியராகவும் நாடகக்காரராகவும் இருந்து திரைக்கு வந்தவர். 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்' மூன்றிலும் தமிழ் அவருடையதே. பிங்களி எலும்பு கொடுத்தார். ராமையாதாஸ் தமிழ்த் தசை பூசினார். தெலுங்கு நண்பர்கள் ராமையாதாசை அறியார். தமிழ் நண்பர்கள் பிங்களியை அறியார். ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இருவருக்கும் இரண்டு மொழிக்காரரும் செய்யும் அநீதி சரிசமமாக இருப்பது ஒன்றே ஆறுதல்!

'மாயா பஜார்' 1957ஆம் ஆண்டு மார்ச்சில் தெலுங்கிலும் ஏப்ரலில் தமிழிலும் வெளிவந்தது. இக்கதை புதியதன்று. 1935இல் தமிழிலும் 1936இல் தெலுங்கிலும் ஏற்கெனவே படமானதுதான். வியாசர் பாரதத்தில் பலராமனுக்கு இப்படி ஒரு மகளே கிடையாது. நாட்டார் வழக்கில் பிறந்தவள் அவள். தெலுங்கில் சசிரேகா, தமிழில் வத்சலா. பழகிப்போன இந்தக் கதையில் பிங்களி என்ன செய்தார்?

முதலாவது, பாண்டவர்களை அவர் காட்டவேயில்லை. நாடிழந்தவர்கள் அவர்கள், அபிமன்யுவின் திருமணம் முறிவது அவர்களது வறுமையால். எனினும் படம் முழுவதும் தேடினாலும் தருமரோ பீமரோ அருச்சுனரோ கண்ணில் படமாட்டார்கள். இல்லாதவர்களைச் சுற்றியே மூன்று மணி நேரக் கதையை ஓட்டிவிட்டு, பார்ப்பவனுக்குக் குறையே தோன்றாமல் செய்திருக்கிறார். நான் இருமுறை பார்த்த பின்னும் இது எனக்குத் தட்டுப்படவில்லை. இயற்பியல் ஆய்வுக்கூடத்து நண்பன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாவது, பிரியதர்சினி என்னும் பெட்டி. திறந்து பார்ப்பவருக்கு எது மிகப் பிரியமோ அது அதில் தெரியும். பெண் பார்த்தால் அபிமன்யு. தாய் ரேவதி பார்த்தால் நகையும் மணியும். பலராமன் பார்த்தால் அருமைச் சீடன் துரியோதனன். கண்ணன் பார்த்தால்? சகுனி! ஒரே பெட்டியைக் கைமாற்றி நான்கு பேருடைய நெஞ்சத்தையும் திறந்து காட்டிவிட்டார். பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருந்தாலும் இத்தனை விளங்கியிராது. இந்தியாவில் தொலைக்காட்சி சோதனை ஒளிபரப்பாகத் தில்லியில் தொடங்கியதே 1959இல்தான். பிங்களி விஞ்ஞானத்தை முன்கூட்டிக் கண்டார் என்று சிலர் பெருமையடிப்பதுண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கருவி எப்படி இயங்குகிறது என்பதல்ல, எதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதே அவருக்கு முக்கியம். ஏறி நின்றவன் உண்மையைக் கக்கிவிடும் சத்தியபீடமும் அப்படியே. முடிவில் சகுனி அதன்மேல் நின்று தன் சூழ்ச்சியைத் தானே சொல்லிவிடுகிறான். துப்பறிய வேறு ஆளே தேவையில்லை.

மூன்றாவதுதான் சொல். நாம் காப்பி கீப்பி என்கிறோம், புத்தகம் கித்தகம் என்கிறோம். இதை எதிரொலிச் சொல் என்பர். 'கீப்பி' என்று ஒரு பொருள் உலகில் உண்டா? இல்லை. தெலுங்கிலும் இதே வழக்கம் உண்டு. கட்டிலைத் தல்பம் கில்பம் என்பர்; கம்பளியைக் கம்பளி கிம்பளி என்பர். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் இந்த மாதிரியில் அதிகாரம் செய்யும்போது, கடோத்கசனின் ஆட்கள் கில்பத்தையும் கிம்பளியையும் உண்மையாகவே உண்டாக்கிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவை வந்தவர்களைப் படுத்தும் பாடு சொல்லி முடியாது! பொருளற்ற ஒலிக்குப் பொருள் கொடுப்பது கவிஞர் வேலை என்பார்கள். இவர் கட்டிலாகவே கொடுத்துவிட்டார்.

அரக்கர் சேனையில் ஒருவன் புதுச் சொல் ஒன்றைச் சொல்ல, அப்படியும் ஒரு சொல் உண்டா என்று ஐயம் எழுகிறது. சொல்லை யாராவது உண்டாக்கித்தானே ஆகவேண்டும் என்ற கருத்தில் கடோத்கசன் தீர்ப்பளித்து, சொன்னவனுக்கு வீரக்கயிறு ஒன்றைப் பரிசாக அணிவிக்கச் செய்கிறான். தெலுங்கில் அது 'வீரதாடு'. இன்றும் இங்கே யாரையாவது வேடிக்கையாகப் பாராட்ட வேண்டுமானால் இரண்டு வீரதாடு போடச் சொல்வது வழக்கம். மொழித் தூய்மை பற்றி மன்றத்தில் நாம் மணிக்கணக்கில் வாதிடுகிறோமே, அந்த அரக்கனையும் ஒரு நாள் வாதத்துக்கு அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

கொடுத்தது போலவே தமிழிலிருந்து பிங்களி வாங்கியதும் உண்டு. 1944இல் பி. யு. சின்னப்பா நடித்த 'ஜகதலப்பிரதாபன்' நினைவிருக்கிறதா? ஒரே காட்சியில் சின்னப்பா ஐந்து உருவாய்ப் பாடியும் வாசித்தும் அசத்திய படம். அந்தக் கதையைத் தழுவி 1961இல் 'ஜகதேக வீருனி கதா' எழுதினார். என். டி. ராமராவ் பல உருவாய்ப் பாடி வாசிக்கும் காட்சியைத் தெலுங்கு நண்பர்கள் கண்ணீர் மல்கச் சொல்லும்போது, புதுக்கோட்டைச் சின்னப்பாவை நான் மெல்ல நினைவூட்டுவேன். சச்சரவு வந்தாலும் காப்பி வாங்கித் தருவார்கள்.

'குண்டம்மா கதா' முதலிய படங்களுக்குப் பாட்டெழுதியதும், 1963இல் 'ஸ்ரீகிருஷ்ணார்ஜுன யுத்தம்' எழுதியதும் நல்லபடியாகவே நடந்தன. பிறகு காற்று மாறியது. 1960களின் பின்பாதியில் ரெட்டியும் அவரும் சேர்ந்து செய்த படங்களுக்கு முன்பிருந்த வரவேற்பு இல்லை. வண்ணமும் வேகமும் வந்துவிட்ட காலம். மந்திரவாதிக்கு மவுசு குறைந்தது. தமிழ்ப் பக்கத்துத் துணைவர் ராமையாதாஸ் 1965இலேயே மறைந்துவிட்டார். கடைசிவரை மணம் செய்துகொள்ளாத பிங்களி, 1971ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் காலமானார். வயது அறுபத்தொன்பது. மறு ஆண்டு கே. வி. ரெட்டியும் போய்ச் சேர்ந்தார்.

2010ஆம் ஆண்டு ஜனவரியில் தெலுங்கு 'மாயா பஜார்' வண்ணம் ஏற்றி மீண்டும் திரைக்கு வந்தது. தமிழ்ப் படம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, மார்க்கஸ் பார்ட்லியின் நிலாவுக்கு வண்ணம் எதற்கு? இரண்டு படங்களையும் அடுத்தடுத்த மாலைகளில் மன்றத்தில் திரையிட வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெலுங்கு மன்றத்து நண்பர்களையும் அழைப்போம். சகுனியாக அவர்கள் சி. எஸ். ஆரைக் காட்டட்டும், நாம் நம்பியாரைக் காட்டுவோம். கில்பமும் கிம்பளியும் வரும் இடத்தில் மட்டும் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். அங்கே ராமையாதாஸ் தமிழில் என்ன செய்திருக்கிறார் என்பதை நான் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.