கடிதங்களுக்குப் பதில் எழுதிய அதிகாரி

உலக மனித உரிமைப் பிரகடனத்தை எழுதினது யார்னு கேட்டா பெரும்பாலானவங்க எலினோர் ரூஸ்வெல்ட் பேரைச் சொல்வாங்க. இன்னும் கொஞ்சம் படிச்சவங்க பிரான்ஸ் நாட்டு சட்ட அறிஞர் ரெனே கசன் என்பாங்க. 1968-ல் அமைதிக்கான நோபல் பரிசும் கசனுக்குத்தான் கிடைத்தது. இரண்டு பேருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் முதல் வரைவை எழுதி மேசையில் வைத்தவர் வேறொருவர். ஐ.நா. செயலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு கனடாக்காரர். பெயர் ஜான் ஹம்ஃப்ரி.

வெளிநாட்டில் வளரும் நம்ம பிள்ளைகளில் சிலர் சட்டமும் பன்னாட்டு உறவுகளும் படித்துவிட்டு ஐ.நா. பக்கம் போகணும்னு ஆசைப்படுறாங்க. அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கையை விட நல்ல பாடம் கிடைக்காது.

1905-ல் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் ஹாம்ப்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா புற்றுநோயில் போய்விட்டார். ஆறு வயதில் நெருப்போடு விளையாடப் போய், தீக்காயத்தில் இடது கையை இழந்தார். பதினோரு வயதில் அம்மாவையும் புற்றுநோய் கொண்டுபோனது. விடுதிப் பள்ளியில் மற்ற பையன்களின் கேலியைத் தாங்க முடியாமல், பதினைந்து வயதிலேயே கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் வாங்கிவிட்டார். பிறகு மொன்றியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், வழக்கறிஞராக இருந்தார், அங்கேயே பேராசிரியரும் ஆனார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சிலிருந்து அகதியாக மொன்றியலுக்கு வந்த ஹென்றி லோஜியே என்ற விஞ்ஞானி ஹம்ஃப்ரிக்கு நண்பரானார். போர் முடிந்ததும் லோஜியே ஐ.நா.வில் உயர் பதவிக்குப் போனார். 1946-ல் நண்பரைக் கூப்பிட்டு மனித உரிமைப் பிரிவின் முதல் இயக்குநர் ஆக்கினார். அடைக்கலம் தேடி வந்த ஒருத்தரோட நட்புதான் அந்தப் பதவிக்கு வழி திறந்துச்சு.

1947-ன் தொடக்கத்தில் ஆணைக்குழுவின் தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட், லெபனானின் சார்லஸ் மாலிக், சீனாவின் பி.சி. சாங் ஆகியோர் ஹம்ஃப்ரியிடம் வரைவு கேட்டார்கள். மாலிக்கும் சாங்கும் தத்துவ விவாதத்தில் ஒத்துப்போகிற ஆட்கள் இல்லை. ஹம்ஃப்ரி தத்துவத்துக்குள் இறங்கவில்லை. பல நாடுகளின் அரசியல் சட்டங்களையும், ஐ.நா.வுக்கு வந்திருந்த முன்மொழிவுகளையும் திரட்டி, எந்த உரிமை எங்கே எப்படி எழுதப்பட்டிருக்கு என்று ஒப்பிட்டார். 48 பிரிவுகள் கொண்ட வரைவு தயாரானது. கூடவே நானூறு பக்கத்துக்கு மேல் ஆதாரங்கள். பேச்சுரிமை, நியாயமான விசாரணை மட்டுமில்லாமல் வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றையும் உரிமை என்றே அதில் சேர்த்திருந்தார். கசன் அதைத் திருத்தி வேறு வடிவம் கொடுத்தார், நாடுகள் வரிக்கு வரி வாதாடின, 48 பிரிவு 30 ஆனது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்க தொழிலில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினாங்கன்னு கணினியே பதிவு வச்சிருக்கும். ஹம்ஃப்ரியோட தொழிலில் அந்த வழக்கம் கிடையாது. செயலக அதிகாரி எழுதுவது செயலகத்தின் பெயரில்தான் போகும். அவருக்கு ஓட்டும் இல்லை. ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவுப்படி, சொந்த நாட்டு அரசிடம்கூட உத்தரவு வாங்கக் கூடாது.

அது எவ்வளவு கஷ்டம்னு 1948 டிசம்பர் 7 அன்று அவருக்குத் தெரிந்தது. பாரிஸில் குழு நிலையில் நடந்த வாக்கெடுப்பில் அவருடைய சொந்த நாடான கனடாவே ஆதரிக்காமல் ஒதுங்கி நின்றது. அதிர்ச்சிதான். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, பொதுச்சபையில் கனடா ஆதரித்தது. 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 8 நாடுகள் ஒதுங்கின.

கதை இங்கேயே முடிந்திருந்தால் வெற்றிக் கதை. ஆனால் அவர் இருபது ஆண்டுகள் அதே வேலையில் இருந்தார். அந்த இருபது ஆண்டுகளும் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. சிறையில் இருப்பவரின் மனைவி, நிலம் பறிக்கப்பட்டவர், நாடு இழந்தவர் என்று யார் யாரோ உலகம் பூராவும் இருந்து ஐ.நா.வுக்கு எழுதினார்கள். ஆணைக்குழுவோ 1947-லேயே, புகார்களின் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று முடிவு செய்துவிட்டது. ஹம்ஃப்ரியின் அலுவலகத்தால் முடிந்தது இவ்வளவுதான்: கடிதத்தைப் படிப்பது, சுருக்கி ரகசியப் பட்டியலில் சேர்ப்பது, எழுதியவருக்கு, கடிதம் கிடைத்தது, ஆனால் ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்று பதில் போடுவது. பிரகடனத்தின் வரைவை எழுதிய அதே ஆள் இந்தப் பதிலுக்கும் பொறுப்பாளி. இந்த ஏற்பாடு அவருக்கு எவ்வளவு கசந்தது என்பதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போகவில்லை, மேடையில் முழங்கவும் இல்லை. 1963-ல் மனித உரிமைக்கென்றே ஓர் உயர் ஆணையர் வேண்டும் என்று திட்டம் தயாரித்தார். 1965-ல் கோஸ்டா ரிகா அதை ஐ.நா.வில் முன்வைத்தது. நிறைவேறியது எப்போது தெரியுமா? 1993 டிசம்பரில். புகார்களை ஆராயும் வழிகூட அவர் 1966-ல் ஐ.நா.வை விட்டுப் போன பிறகு, 1967-லும் 1970-லும் வந்த தீர்மானங்களால்தான் திறந்தது.

அவர் மறுபடி மெக்கில் போய்ப் பாடம் நடத்தினார். 1980-களில் பழைய தாள்களுக்கு நடுவே அவர் கையெழுத்திலேயே முதல் வரைவு கிடைத்தபோதுதான் அவருடைய பங்கு பரவலாகத் தெரிய வந்தது. 1988-ல் ஐ.நா. மனித உரிமைப் பரிசு கொடுத்தது. முதல் உயர் ஆணையர் பதவியேற்றதைப் பார்த்துவிட்டு, 1995 மார்ச் மாதம், 89 வயதில் மொன்றியலில் காலமானார்.

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் பல ஆண்டுகளாக ஜெனீவாவை நோக்கிக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போய் என்ன ஆகப்போகுது என்ற சலிப்பு நம்ம வீடுகளில் அடிக்கடி கேட்கும். சலிப்பு நியாயமானதுதான். ஆனால் 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை எடுத்த தீர்மானத்தால், அந்த ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு உயர் ஆணையர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. தண்டனை கொடுக்கும் அதிகாரம் அதற்கு இப்பவும் இல்லை. ஆனா அதிகாரமில்லைன்னு பதில் போட்டுக் கோப்பை மூடி வைக்கிற நிலை மாறியிருக்கு.

அந்த அலுவலகத்துக்கு வேலைக்குப் போக நினைக்கிற நம்ம பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகட்டும். பேர் வராது, ஓட்டு கிடையாது, பலன் கிடைக்க முப்பது வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் ஒழுங்காகப் படிக்க வேண்டும்.