மால்குடிக்கு மெட்டுப் போட்ட வைத்தியநாதன்



உங்களில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு கேள்வி. ‘மால்குடி டேஸ்’ தொடரின் ஆரம்ப இசை நினைவிருக்கிறதா? நான் அதை லிஃப்டில் முணுமுணுத்தால், உடன் வருபவர்களில் ஒருவராவது சேர்ந்து பாடிவிடுவார். அதற்கு இசையமைத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இந்த இதழில் அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயர் எல். வைத்தியநாதன்.

பிறந்தது 1942 ஏப்ரல் 9. அப்பா வி. லட்சுமிநாராயணா வயலின் வித்வான், அம்மா சீதாலட்சுமியும் இசை தெரிந்தவர். அப்பா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்ததால் பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். 1958 கலவரத்தில் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தது. வயலின் வாசித்த மூன்று சகோதரர்களில் வைத்தியநாதன் மூத்தவர். எல். சுப்ரமணியமும் எல். சங்கரும் அவருடைய தம்பிகள். மூவரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள்.

தம்பிகள் இருவரும் பிற்பாடு உலகம் சுற்றினார்கள். சங்கர், கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு சேர்ந்து ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அண்ணன் இங்கேயே இருந்தார். சினிமாவில் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்தார். இளையராஜா கிதார் வாசித்துத் தொழில் கற்றதும் அதே வெங்கடேஷிடம்தான். பிறகு கன்னடத்தில் சி. அஸ்வத்தோடு கூட்டுச் சேர்ந்து, ‘அஸ்வத் – வைதி’ என்ற பெயரில் படங்களுக்கு இசை தந்தார்.

நம் பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1982-இல் ஹரிஹரன் இயக்கிய ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசை இவர்தான். ரகுவரன் நடித்தது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பாடல்கள் பாரதியாருடையவை. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் சாலையில் போனால் வருகிற கடையம், செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதியார் 1918 முதல் 1920 வரை குடியிருந்த ஊர். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, யேசுதாஸ் பாடிய நந்தலாலா பாட்டைக் காரில் போட்டுக் கேளுங்கள். வரிகளை அமுக்காமல் மெட்டு எப்படிப் பக்கத்திலேயே நடந்து வருகிறது என்பது புரியும்.

1986-இல் ஆர்.கே. நாராயணின் கதைகளை சங்கர் நாக் தூர்தர்ஷனுக்காகத் தொடராக எடுத்தார். கர்நாடகத்தில் ஆகும்பே என்னும் மலையூர்தான் மால்குடி ஆனது. தலைப்புச் சித்திரங்களை நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமண் வரைந்தார். சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக கிரீஷ் கர்னாட். நாடெங்கும் உள்ள பிள்ளைகள் பார்க்கும் தொடர், வசனமோ ஹிந்தியில். வைத்தியநாதன் தந்த ஆரம்ப மெட்டுக்கு வார்த்தையே கிடையாது, வெறும் தத்தகாரம்தான். அதனால் எந்த மொழிக் குழந்தையும் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே கமல்ஹாசன் நடித்த ‘பேசும் படம்’. அதில் வசனமே இல்லை. அந்தப் படத்துக்கும் பின்னணி இசை இவரே.

2007 மே 19 அன்று, 65 வயதில் காலமானார். தம்பிகள் அளவுக்கு அவர் பெயர் வெளியே தெரியவில்லை. நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கணக்கு சரியாக வந்தால் யார் எழுதினார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கில் வரவு வைக்க வேண்டிய பெயர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றே தோன்றுகிறது.

ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என் மகள் நான்கு வருடம் வயலின் கற்றாள். எட்டாம் வகுப்பில், படிப்பு கெட்டுவிடும் என்று நிறுத்தியவன் நான்தான். காமர்ஸ் படித்தவன் புத்தி, லாப நஷ்டம்தான் பார்த்தது. அவள் இன்று நல்ல வேலையில் இருக்கிறாள், என்மேல் குறை சொன்னதும் இல்லை. போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, பரணில் இருந்த பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தாள். தந்தி துருப்பிடித்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் குடியிருப்பிலும் மாலையில் கீபோர்டு, மிருதங்கம் என்று சத்தம் கேட்கிறது. சில நேரம் தொந்தரவாகவும் இருக்கும். சங்கத்துக்குப் புகார்கூட வந்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்பதற்காக வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். பொங்கல் விழாவில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதற்குப் பதிலாக, நம் பிள்ளைகளையே அரைமணி நேரம் வாசிக்கச் சொல்லலாம் என்பது என் யோசனை. மால்குடி மெட்டில் தொடங்கட்டும். மேடையில் வைத்தியநாதன் பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுவோம்.